தொட்டியின் வடிகாலை நான் ஏன் மூடினேன்

"நாற்பது வயது நிறைவடைந்திருக்கக் கூடாது."

செய்தித்தாளில் அந்த ஒரு வரியைப் படித்ததும் என் கையிலிருந்த இட்லி வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. கடலூர் சிப்காட்டில் ஒரு இரசாயன ஆலையின் கேன்டீன். காலை ஷிஃப்ட். அரசு அலுவலகங்களில் எழுத்தர் வேலைக்குத் தேர்வு அறிவித்திருந்தார்கள். கல்வித் தகுதி என்னிடம் இருந்தது, ஆசை அதைவிட அதிகமாக இருந்தது. வயதுதான் இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியவில்லை.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் நடந்தது இது. நான் அந்த ஆலையில் ஆபரேட்டர். பெரிய பெரிய தொட்டிகளில் எது எவ்வளவு ஏறுகிறது, எது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை. வருடக்கணக்காகப் பார்த்தேன். அத்தனை வருடமும் கான்ட்ராக்ட். "அடுத்த வருஷம் பெர்மனென்ட் பண்ணிடுவோம்பா" என்று ஒவ்வொரு வருடமும் மேலாளர் சொல்வார். அவர் நல்ல மனிதர், வாக்கு மாறாதவர். ஒரே வாக்கியத்தை ஒரு எழுத்து மாறாமல் எத்தனை வருடம் சொன்னார்!

எதிரே உட்கார்ந்திருந்த சீனியர் ஆபரேட்டர் என்னிடமிருந்து பேப்பரைப் பிடுங்கினார்.

"ஒனக்கு என்னா வயசு?"

"நாப்பது நடக்குதுண்ணா."

"அப்ப முடிஞ்சிச்சு. பேப்பர மடிச்சி கைய தொடச்சிக்க."

"நடக்குதுண்ணா... இன்னும் முடியல."

"நடக்குதுன்னா நாப்பதுதான்யா. ரயில் வந்துகிட்டு இருக்கு, இன்னும் வரலன்னு சொல்லிட்டு தண்டவாளத்துல படுப்பியா?"

மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குப் பதற்றம் வந்தால் முதலில் சிரிப்பு வரும். அடுத்து வயிறு கலங்கும். மூன்றாவதாகப் படிப்பறிவு போய்விடும். அன்று மூன்றும் வரிசையாக நடந்தன. ஷிஃப்ட் முடியும்வரை அந்த வரியை நூறு விதமாகப் படித்தேன். நூறு விதத்திலும் நான் கிழவன்.

எங்கள் பக்கத்தில் முடிந்த வயதை யாரும் சொல்வதில்லை, நடக்கிற வயதைத்தான் சொல்வோம். பிறந்து தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கே ஒரு வயது நடந்துகொண்டிருக்கும். இப்படியே பழகி, வாழ்நாள் முழுக்க நான் என்னைவிட ஒரு வயது பெரியவனாகவே வாழ்ந்திருக்கிறேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் பேப்பரை நீட்டியதும் அவள் அரை நிமிடத்தில் தீர்த்து வைத்தாள்.

"ஏங்க, முடிஞ்சது எத்தனன்னு கேக்குறான். நடக்குறத எவன் கேட்டான்? ஜூலை ஒண்ணாந்தேதிக்குக் கணக்கு. நீங்க பொறந்தது செப்டம்பரு. அன்னிக்கி முப்பத்தொம்பதுதான முடிஞ்சிருக்கும்?"

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் அவள் வேலை பார்த்தாள். பிறந்த தேதியும் பெற்றோரின் பொய்யும் அவளுக்கு அத்துப்படி. ஒரே நொடியில் எனக்கு ஒரு வயது குறைந்தது. எழுந்து போய்க் கண்ணாடியில் பார்த்தேன். தலைமுடிக்கு இன்னும் தகவல் போகவில்லை.

"ரொம்ப ஆடாதீங்க" என்றாள் பின்னாலிருந்து. "இதான் கடைசி. அடுத்த தடவ கூப்புடறப்ப நெசமாவே நீங்க கெழவன்."

அதுதான் விஷயம். ஒரே ஒரு தேர்வு. இதில் வந்தால் அரசு வேலை. வராவிட்டால் அடுத்த வருஷம் பெர்மனென்ட், அதற்கடுத்த வருஷம் பெர்மனென்ட், கை நடுங்கும் வயதில் நான் தொட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பெர்மனென்ட்.

பாடம் சொல்லித்தர ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. மனைவியின் தம்பி சிதம்பரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அரசுத் தேர்வுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். என் கல்யாணத்தில் மச்சான் முறைக்கு எனக்கு மோதிரம் போட வந்து, வெட்கத்தில் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைத் தோழனின் விரலில் மாட்டிவிட்டவன். அவனிடம் போய் நான் பெஞ்சில் உட்கார வேண்டும்.

தெற்கு வீதியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மாடி ஹால். முதல் ஞாயிறு நான் உள்ளே நுழைந்ததும் ஹாலில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நானும் கை கூப்பிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவர்களுக்குக் குழப்பம். சிறிது நேரத்தில் மச்சான் வந்தான். "அவரு வாத்தியார் இல்ல, எங்க மாமா. உக்காருங்க" என்றான். அவன் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி ஒரு மச்சானுக்கு ஆயுளில் ஒருமுறைதான் கிடைக்கும்.

வரலாறு வந்தது. தமிழ் வந்தது. கணக்கு மட்டும் நகரவில்லை. கூட்டல், கழித்தல், பின்னம், சதவீதம் எல்லாம் எனக்குத் தெரியும். கணக்கைப் போடத் தெரிந்தது, படிக்கத்தான் தெரியவில்லை. இது எனக்கு முதல் மாதிரித் தேர்வில் விளங்கியது. எனக்கு விளங்கியதற்கு முன்பே ஹாலுக்கு விளங்கிவிட்டது.

கேள்வி இதுதான். ஒரு குழாய் ஒரு தொட்டியை ஆறு மணி நேரத்தில் நிரப்பும். அடியிலுள்ள வடிகால் அதே தொட்டியைப் பன்னிரண்டு மணி நேரத்தில் காலி செய்யும். இரண்டும் திறந்திருந்தால் தொட்டி எவ்வளவு நேரத்தில் நிரம்பும்? விடை பன்னிரண்டு மணி நேரம். பத்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு.

மச்சான் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றான்.

"மாமா, ஆறு மணி நேரம்னு போட்டுருக்கீங்க."

"ஆமா."

"எப்படி வந்துச்சு?"

"வடிகால மூடிட்டேன்."

"எதுக்கு மூடுனீங்க?"

"தெறந்து இருந்துச்சி மச்சான். மூடுனேன்."

ஹாலில் கூரை பறந்துவிட்டது. சிரிக்கும் அவர்களை நான் ஒரு பரிதாபத்தோடுதான் பார்த்தேன். ஏற்றிக்கொண்டிருக்கும் தொட்டிக்கு அடியில் வால்வு திறந்து கிடக்கிறது என்று கேள்வியே ஒத்துக்கொள்கிறது. தெரிந்தும் ஒரு மனிதன் நின்று பன்னிரண்டு மணி நேரம் கணக்குப் பார்ப்பானா? என் ஷிஃப்டில் அப்படி ஒருவன் பார்த்திருந்தால் மறுநாள் அவனை ஆலை கேட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். அந்த வரியைப் படித்த கணமே என் கை தானாகப் போய் மூடிவிட்டது. மூடிய பிறகு வேறு என்ன கணக்கு இருக்கிறது?

ஒரு கேள்வியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எட்டு ஆட்கள் ஆறு நாட்களில் செய்யும் வேலையைப் பன்னிரண்டு ஆட்கள் எத்தனை நாட்களில் செய்வார்கள் என்று கேட்டிருந்தது. ஒரு பம்பைச் சுற்றிப் பன்னிரண்டு பேரை நிறுத்தினால் நாலு பேர் டீ வாங்கப் போவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆறு நாள் என்றே போட்டேன். அறுபது மீட்டர் சாலையோரம் ஐந்து மீட்டருக்கு ஒரு மரம் நட்டால் எத்தனை மரம் என்று கேட்டிருந்தது. ஆரம்பத்தில் ஒரு மரம் உண்டா, கடைசியில் உண்டா, ஒரு பக்கமா, இரண்டு பக்கமா, மாடு தின்றது போக மீதியா என்று யோசித்து யோசித்து மணி அடித்துவிட்டது. இன்னொரு தொட்டிக் கணக்கில் தொண்ணூறு சதவீதம் ஏறியதும் நானே நிறுத்திவிட்டேன். எங்கள் ஆலையில் தொட்டி நிரம்பியது என்றால் அவ்வளவுதான் பொருள். விளிம்புவரை ஏற்றுகிறவன் ஆபரேட்டர் இல்லை, எமன்.

இருபத்தைந்துக்கு ஏழு வாங்கினேன். அந்த ஏழிலும் மூன்று கண்ணை மூடிக்கொண்டு குத்தியது.

வகுப்பு முடிந்ததும் மச்சான் என்னைத் தனியாக நிறுத்தினான். வகுப்பில் சிரித்தவன் இப்போது சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"மாமா, கணக்குல பதினஞ்சு மார்க்காவது வந்தாதான் நீங்க கரையேற முடியும். நீங்க கேள்விய படிக்கல. கேள்விக்குள்ள போயி வேல பாக்குறீங்க."

"நான் என்னா மச்சான் பண்றது? கேள்வி ஒழுங்கா இல்லியே. இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம்."

"எல்லாக் கேள்வியும் அப்படித்தான் மாமா இருக்கும். அந்தப் புள்ளைங்க எப்படிப் போடுதுங்க?"

"அதுங்க தொட்டிய பாத்ததே இல்ல. அதான் போடுதுங்க."

அவன் என் தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் செருகினான்.

அன்று மனைவியும் சிதம்பரம் வந்திருந்தாள். மதியம் மாமியார் வீட்டில் சாப்பாடு. இலை போடும்போதே மச்சான் என் வடிகால் கதையை அவளிடம் சொல்லி முடித்திருந்தான். சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது மங்கலம்பேட்டையிலிருந்து அவர்களுடைய தூரத்து அத்தை ஒருவர் வந்தார். கோயிலுக்கு வந்தவர், அப்படியே எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். வாசலில் செருப்பை விடும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஒண்ணும் வேணாம்டியம்மா, ஒண்ணும் எடுக்காத. இப்பதான் சாப்ட்டு வர்றன். ஒரு நிமிசம் ஒக்காந்துட்டு ஓடிடுவன். என்னா வெயிலு, என்னா வெயிலு!"

நான் எழுந்து உள்ளே போனேன். மண்பானையிலிருந்து ஒரு சொம்பு மோர் மொண்டு உப்புப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அத்தை மூச்சு விடாமல் குடித்தார். மறுபடியும் போய் ஒரு தட்டில் நாலு இட்லியும் காலையில் வைத்த கத்தரிக்காய் கொத்சுவும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். "அய்ய, எதுக்கு தம்பி இதெல்லாம்?" என்று சொல்லிக்கொண்டே அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு தட்டை இழுத்தார். நாலும் போய் இன்னும் இரண்டு போனது.

அத்தை கிளம்பிப் போனதும் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுங்க ஒண்ணும் வேணாம்னுதான சொன்னாங்க? நீங்க எதுக்கு எடுத்தாந்தீங்க?"

"வாய்தான் சொல்லிச்சி. கண்ணு அடுப்படியிலயே இருந்துச்சே."

"மோர எதுக்கு முதல்ல குடுத்தீங்க?"

"வெயிலு வெயிலுன்னாங்கல்ல? சும்மாவா சொல்வாங்க?"

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "பாத்துக்கடா. மூணு பொய்யி ஒரு நெசம் சொன்னாங்க அத்த. இந்த மனுசன் கரெக்டா எது வேணுமோ அத எடுத்தாந்து வச்சாரு. இவருக்கா ஒரு கேள்வி என்னா கேக்குதுன்னு தெரியாது?" பிறகு என்னிடம், "ஏங்க, கேள்வி எழுதுறவரும் ஒங்கள மாதிரி ஒரு ஆளுதான? அவரையும் வந்த விருந்தாளியா நெனச்சிக்க வேண்டியதுதான? அத்தகிட்ட போயி, 'வேணாம்னா இட்லி வேணாமா, கொத்சு வேணாமா, ரெண்டுமே வேணாமா'ன்னு கேட்டீங்களா?"

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அக்கா, அத்த அடுப்படிய பாத்தாங்க. கேள்வியில அடுப்படி எங்க இருக்கு?"

"கீழ நாலு விட குடுத்துருக்காங்கல்ல? அதாண்டா அடுப்படி. ஆளு எங்க பாக்குறாருன்னு அங்க தெரியும்."

வருடக்கணக்காக அந்த வீட்டு மாப்பிள்ளையாக இருந்து நான் கற்ற வித்தை அது. மாமியார் "இப்ப ஒண்ணும் அவசரமில்ல" என்றால் இன்றைக்கே வேண்டும். மாமனார் "ஒன் இஷ்டம்" என்றால் கூடாது. மனைவி "போறதுன்னா போங்க" என்றால் செருப்பில் கால் வைக்கக்கூடாது. இதில் எதற்கும் நான் ஒருநாளும் பதறியதில்லை. ஒருமுறைகூட விளக்கம் கேட்டதில்லை. நாலு வரிக் கேள்வியிடம் மட்டும் ஏன் வக்கீல் மாதிரி நின்றேன்?

அன்றிலிருந்து எனக்குக் கேள்விகள் விருந்தாளிகளாகிவிட்டன. அறுபது மீட்டர் சாலைக் கேள்வியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கீழே இருந்த விடைகளில் பதிமூன்று இருந்தது. பன்னிரண்டு இல்லை, இருபத்தாறு இல்லை. ஆள் ஒரே பக்கத்தில்தான் மரம் நட்டிருக்கிறார், இரண்டு முனையிலும் நட்டிருக்கிறார். மாட்டைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. இதை ஏன் நான் அத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்?

ஆனாலும் வால்வு மட்டும் பிடி விடவில்லை. புத்தி ஒத்துக்கொண்டது, கை ஒத்துக்கொள்ளவில்லை. வடிகால் என்ற சொல்லைப் பார்த்தால் விரல் துடிக்கும். அதற்குப் பயிற்சி பேருந்தில்தான் நடந்தது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியெல்லாம் மடியில் கணக்குப் புத்தகம். ஆலப்பாக்கம் தாண்டும்வரை குழாய்கள், அதற்குப் பிறகு வடிகால்கள். ஒருநாள் வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போது என்னையறியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன்: "தெறந்தே இருக்கட்டும், ஒழுகிட்டுப் போவுது, நமக்கென்னா!"

பக்கத்தில் இருந்தவர் பயந்துபோய்த் தன் பையைத் தூக்கிப் பார்த்தார். அதற்குள் தூக்குவாளியில் எண்ணெய் கொண்டு போய்க்கொண்டிருந்தாராம்.

ஏழு ஒன்பதானது, ஒன்பது பதிமூன்றானது. தேர்வுக்கு முந்தைய ஞாயிறு பதினாறு வந்தது. வகுப்புப் பிள்ளைகள் கை தட்டினார்கள். "மாமா, பதினாறு!" என்று மச்சான் கூவினான். அவனைப் பார்த்து வகுப்பே என்னை மாமா என்றுதான் கூப்பிட ஆரம்பித்திருந்தது. இருபத்திரண்டு வயதுப் பெண்பிள்ளைகள் வாயால் மாமா என்று கேட்பதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் இருந்தது. வெளியில் சொல்லவில்லை.

தேர்வு நாள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடம். நான் எட்டு மணிக்கே கேட்டில் நின்றேன். கையில் நாலு பேனா, ஹால் டிக்கெட், ஹால் டிக்கெட்டின் ஜெராக்ஸ், ஜெராக்ஸ் தொலைந்தால் இன்னொரு ஜெராக்ஸ். மனைவி கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தைத் தொடவில்லை. உள்ளே போவதற்குள் மூன்று தடவை கழிப்பறை. மூன்றாவது தடவை வெளியே வந்தபோது வாட்ச்மேன் கேட்டார்: "சார், நீங்க தண்ணி செக் பண்ண வந்தவரா?"

வினாத்தாளின் முதல் பக்கத்தில் விதிமுறைகள். தமிழில் ஐயம் ஏற்பட்டால் ஆங்கிலத்தில் உள்ளதே இறுதியானது என்று ஒரு வரி. ஐயம் தீர்க்க ஆங்கிலத்துக்குப் போகிற அளவுக்கு எனக்கு ஆங்கிலம் வந்திருந்தால் நான் ஏன் ஐயா தொட்டியைப் பார்த்துக்கொண்டு இத்தனை வருடம் நின்றேன்?

கணக்குப் பகுதிக்கு வந்தேன். முதல் சில கேள்விகள் நல்ல விருந்தாளிகள், கேட்டதைத் தெளிவாகக் கேட்டார்கள். அப்புறம் வந்தார் ஒருவர். தந்தையின் வயது மகனின் வயதைப்போல மூன்று மடங்கு அதிகம். இருவர் வயதின் கூடுதல் அறுபது. தந்தையின் வயது என்ன?

மூன்று மடங்கு என்று எடுத்தேன். மகனுக்குப் பதினைந்து, தந்தைக்கு நாற்பத்தைந்து. சரியாக வந்தது. ஆனால் மூன்று மடங்கு "அதிகம்" என்று போட்டிருக்கிறாரே? மகன் வயதும் அதற்கு மேல் மூன்று மடங்கும் என்றால் மொத்தம் நான்கு மடங்கு. அப்படிப் போட்டேன். மகனுக்குப் பன்னிரண்டு, தந்தைக்கு நாற்பத்தெட்டு. அதுவும் சரியாக வந்தது! இரண்டும் முழு எண், இரண்டும் நம்பும்படியான குடும்பம். ஒரு அப்பாவுக்கு எப்படி இரண்டு வயது இருக்கும்?

சிரிப்பு வந்தது. தேர்வு மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார். அடுத்து வயிறு கலங்கியது. எழுத்துகள் தாளில் எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்தன. கேன்டீனில் வந்த அதே மூன்றும் அதே வரிசையில். எழுந்து ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தேன். ஓடினால் எங்கே போவது? நேராக மதியம் ஷிஃப்டுக்குப் போகலாம். அடுத்த வருஷம் பெர்மனென்ட்.

அப்போதுதான் நான் இன்னும் அடுப்படியைப் பார்க்கவில்லை என்பது உறைத்தது. விரலால் கீழே தடவிக்கொண்டு போனேன். நாற்பத்திரண்டு, நாற்பத்தைந்து, ஐம்பது, ஐம்பத்து நான்கு. நாற்பத்தெட்டு இல்லவே இல்லை. மனிதர் மூன்று மடங்கைத்தான் மனதில் வைத்திருக்கிறார். 'அதிகம்' என்றது சும்மா ஒரு பேச்சுக்கு. நாற்பத்தைந்தின் வட்டத்தைக் கறுப்பாக்கினேன். எறும்புகள் எழுத்துகளாகித் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்தன.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் அடுத்த பக்கத்தில் தொட்டி.

ஒரு தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு நீர் உள்ளது. அதை ஒரு குழாய் ஒன்பது மணி நேரத்தில் நிரப்பும். குழாயைத் திறந்தால் தொட்டி எவ்வளவு நேரத்தில் முழுவதும் நிரம்பும்?

முதல் வேலையாக வடிகால் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நிம்மதி. இரண்டாவது, அந்த ஒன்பது மணி நேரம் காலித் தொட்டிக்கா, இல்லை இப்போது மூன்றில் ஒரு பங்கு இருக்கும் தொட்டிக்கா? காலித் தொட்டிக்கு என்றால் மீதி மூன்றில் இரண்டு பங்குக்கு ஆறு மணி. இருக்கும் தொட்டிக்கு என்றால் ஒன்பதேதான். அடுப்படியைப் பார்த்தேன். மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு. இரண்டு பதார்த்தமும் தயாராக இருக்கிறது! விருந்தாளி எதைப் பார்க்கிறார்?

மறுபடியும் சிரிப்பு வரப்பார்த்தது. வாயை மூடிக்கொண்டேன். மங்கலம்பேட்டை அத்தையை நினைத்தேன். அவர் சும்மா எதையும் சொல்லவில்லை. வெயில் என்றார், மோர் கேட்டார். இந்த மனிதர் மெனக்கெட்டு மூன்றில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கிறார். விடை ஒன்பது என்றால் அந்த மூன்றில் ஒரு பங்குக்கு இங்கே என்ன வேலை? ஒன்பதைக் கையில் கொடுத்துவிட்டு அந்த ஒன்பதையே திருப்பிக் கேட்க யாராவது இவ்வளவு தூரம் வருவார்களா? வந்தவர் ஆறைத்தான் கேட்கிறார்.

ஆறு. அதுவும் முழுவதும் நிரம்பும் நேரம். தொண்ணூறு சதவீதத்தில் என் கை நின்றது. நிறுத்து, நிறுத்து என்று உடம்பு முழுக்க மணி அடித்தது. இது காகிதம்டா, ஒரு சொட்டுக்கூட வழியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு நான், என் வாழ்க்கையிலேயே முதன்முறையாக, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தொட்டியை விளிம்புவரை ஏற்றினேன். கண்ணைத் திறந்து பார்த்தேன். எந்தச் சைரனும் அடிக்கவில்லை. ஆறின் வட்டம் கறுத்திருந்தது. அந்த நிமிடம் ஹாலில் எழுந்து நின்று ஒரு விசில் அடித்திருப்பேன். மேற்பார்வையாளர் என்மேல் ஏற்கனவே கண் வைத்திருந்ததால் விட்டுவிட்டேன்.

வெளியே மச்சான், முன்னால் வந்த பிள்ளையிடம் வாங்கிய வினாத்தாளோடு மரத்தடியில் காத்திருந்தான்.

"தொட்டி?"

"ஆறு."

"வால்வு?"

"இல்ல மச்சான். நல்லா தேடிட்டேன்."

அவன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

முடிவு வர மாதங்கள் ஆயின. வந்த அன்று நான் சிதம்பரத்தில் இருந்தேன். கீழ வீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் மச்சான் கணினி முன்னால் உட்கார்ந்தான். நான் அவன் பின்னால் நின்றேன். நிற்க முடியாமல் வெளியே போனேன். அங்கேயும் நிற்க முடியாமல் உள்ளே வந்தேன். பக்கம் மெதுவாக, ஒரு ஒரு வரியாகத் திறந்தது. மச்சான் எண்களின்மீது விரலை ஓட்டிக்கொண்டே போனான். விரல் நின்றது. அவன் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தான்.

"இல்லியா?"

"மாமா..."

"பரவால்ல வுடு. நான் அப்பவே நெனச்சேன். அந்த அப்பன் வயசுலதான் போயிருக்கும்."

"மாமா, கண்ணத் தொறந்து பாருங்க. இது யாரு நம்பரு?"

பார்த்தேன். என் நம்பர். முதலிலிருந்து படித்தேன், கடைசியிலிருந்து படித்தேன். என் நம்பர்தான். பிறகு அதற்கு மேலே தலைப்பைப் படித்தேன். தற்காலிகமாகத் தேர்வு செய்யப்பட்டவர்கள்.

"மச்சான்! தற்காலிகம்னு போட்டுருக்கே! இதுவும் கான்ட்ராக்டாடா?"

அந்தக் கடையிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் நாற்காலியிலேயே சுருண்டு சிரித்தான். சான்றிதழ் சரிபார்க்கும்வரை எல்லோருக்கும் அப்படித்தான் போடுவார்கள் என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு இருமல் வந்துவிட்டது. "வேலதான் மாமா. நெசமான வேல. ரிட்டையர் ஆவுற வரைக்கும் வேல!"

நான் தெருவுக்கு வந்து மனைவியின் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். ஒரு எண்ணை மாற்றி அழுத்தியதில் முதல் தடவை யாரோ ஒரு அரிசி மண்டிக்காரருக்குப் போனது. அவரிடமும் சொல்லிவிட்டேன். "ரொம்ப சந்தோசம் தம்பி" என்றார். இரண்டாவது தடவை அவளே எடுத்தாள்.

"வந்துடுச்சி" என்றேன்.

"என்னா வந்துடுச்சி? ஒழுங்கா சொல்லுங்க."

"நம்பரு. என் நம்பரு வந்துடுச்சிம்மா. பாஸு."

"ஒரு நிமிசம் இருங்க" என்றாள். போனை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. பிறகு தூரத்திலிருந்து அவள் குரல், அந்தப் பள்ளிக்கூடமே அதிரும்படி:

"எங்க ஊட்டுக்காரரு பாஸ் பண்ணிட்டாரு! கெவுர்மெண்டு வேல! ஆமா டீச்சர்... நாப்பது வயசுல! கணக்குல முழு மார்க்காம்!"

முழு மார்க் என்று நான் சொல்லவே இல்லை. எத்தனை சரி என்று எனக்கே இன்றுவரை தெரியாது. யாரோ கை தட்டினார்கள். ஆயாம்மா குரல் ஒன்று "ஸ்வீட்டு எங்க?" என்றது. அவள் அடுத்த அறைக்குப் போய் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அதில் நான் மாவட்டத்திலேயே இரண்டாவதாக வந்திருந்தேன்.

மூன்றாவது அறைக்கு அவள் போவது கேட்டது. செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அங்கே நான் எத்தனையாவதாக வரப்போகிறேன் என்று கேட்க, அந்த வெயிலில் நடுத்தெருவில் அசையாமல் நின்றேன்.